காதுக்குக் கட்டுப் போட்ட வருடம்

என் மகளுடைய காதுகள் தலையோடு ஒட்டாமல் இரண்டு பக்கமும் விலகி நிற்கும். அவ்வளவுதான் விஷயம். இதை இப்படி ஒரே வரியில் எழுத எனக்கு ஏழு வருடம் பிடித்திருக்கிறது. இத்தனை வருடமும் இதை வேறு பல மாதிரி சொல்லியிருக்கிறேன். வளர வளரச் சரியாகிவிடும் என்று. குல்லா இறுக்கமாக இருந்ததால் இப்படி என்று. போட்டோவில்தான் அப்படித் தெரிகிறது என்று. எல்லாமே யாரோ ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில்.

அவள் பிறந்தது ராஜபாளையத்தில், எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடத்தில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில். மறுநாள் காலை மதினி வந்தார். மதினி என் கணவரின் மூத்த அக்கா. அவர்களுடைய அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்ததே அவர்தான். எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். அப்போது அவருக்கு நான்கு வயதில் ஒரு மகன். குழந்தையைக் கையில் வாங்கியதும், "எம் மருமக வந்துட்டா" என்றார். தம்பிக்குப் பெண் பிறந்தால் அக்காமார் அப்படிச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். பாதி விளையாட்டு, பாதி உரிமை. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தையல் வலியோடு நானும் சிரித்தேன். அன்று சிரித்ததற்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

பிறகு மதினி குல்லாவைக் கழற்றினார்.

"ஏட்டி, காது என்ன இப்படி வெடைச்சுக்கிட்டு நிக்குது?"

பிறந்து ஒரு நாள் ஆன பிள்ளை. அவளிடம் குறை சொல்ல முடியாது என்பதால் குறை என் பக்கம் திரும்பியது. ஒரே பக்கமாகப் படுக்கப் போட்டிருப்பேன். பால் கொடுக்கும்போது காது மடங்கியிருக்கும், நான் கவனித்திருக்க மாட்டேன். அடுத்து வந்த மாதங்களில், குளிப்பாட்டியதும் காதை அமுக்கிவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லாத பெண் எங்கள் தெருவில் இல்லை. நான் அமுக்கினேன். நாள் தவறாமல், நல்லெண்ணெய் தொட்டு, இரண்டு காதையும் அமுக்கினேன். அவள் அழுதாள்.

நான் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னும், பிள்ளை பிறக்கும்வரையிலும் பிளஸ் ஒன் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பிள்ளைக்கு எது எப்படி வருகிறது என்று பட்டாணிச் செடியைப் படம் போட்டு விளக்கியவள். அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? தினமும் காலையில் என் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார், அந்தக் காதோடு. சன்னல் வெயில் பின்னாலிருந்து பட்டால் இரண்டும் சிவப்பாகத் தெரியும்.

ஒரு தடவை தைரியம் வந்து சொல்லியும் விட்டேன். "மதினி, இது அவிய காதுதான? அப்படியே இருக்கு பாருங்க."

"ஆம்பளைக்குக் காது விரிஞ்சு இருந்தா யோகம்டி. உக்காந்த இடத்துக்குத் தட்டு வருதுல்ல அவனுக்கு?"

அந்த யோகத்தட்டைக் கொண்டுவந்து வைத்தவள் நான். என் கணவர் சிரித்துக்கொண்டே இன்னொரு இட்லி கேட்டார். ஒரே அச்சு, ஒரே அளவு. அப்பாவிடம் இருந்தால் யோகம், மகளிடம் இருந்தால் குறை. இதைப் பற்றி அந்த வீட்டில் ஆச்சரியப்பட்டது நான் ஒருத்திதான். நானும் வாயைத் திறந்து ஆச்சரியப்படவில்லை.

யு.கே.ஜி. வரை தலைமுடியைத் தழையவிட்டுச் சமாளித்தேன். ஒன்றாம் வகுப்பில் இரட்டைச் சடை கட்டாயம் என்றார்கள். மடித்து, காதுக்கு மேலே ரிப்பன் வைத்துக் கட்ட வேண்டும். காது மறைய ஒரு முடிகூட இல்லை. அந்த ஜூன் மாதம்தான் மதினிக்கு யோசனை வந்தது.

என் கணவர் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். காயத்துக்குப் போடும் கட்டுத்துணியும் காஸ் துணியும் அங்கே நெய்து, வெளுத்து, சுருட்டி, எங்கெங்கோ அனுப்புவார்கள். ஓரம் சரியில்லை என்று தள்ளிய ரோல்கள் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். அடுப்படியில் பிடித்துணி, மிக்ஸி துடைக்க, தயிர் வடிகட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான்.

"ஊரு உலகத்துக்கே இங்கன இருந்து கட்டுத்துணி போகுது. ரெண்டு காதை அமுக்கி வைக்க உன் வீட்டுல துணி இல்லாமலா போச்சு?" என்றார் மதினி. "பிஞ்சு எலும்பு. ஒரு வருசம் விடாம கட்டு. எப்படிப் படியலேன்னு பாக்கேன்."

ஐந்து வயதுக்கு மேல் காதுக் குருத்தெலும்பு துணிக்குக் கட்டுப்படாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் கட்டினேன். ஏன் கட்டினேன் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரே பதில்தான் வருகிறது: கட்டிக்கொண்டிருக்கும்வரை "என்ன செய்யுதே?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. இந்தா, செய்கிறேன் பாருங்கள், நான் அக்கறையில்லாத தாய் இல்லை.

சாயங்காலம் பள்ளிக்கூட வேன் வந்ததும் முகம் கழுவிவிட்டு, பால் கொடுத்து, கட்டுப் போடுவேன். காதுக்குப் பின்னால் ஒரு மடிப்பு காஸ். அதன் மேல் நெற்றியைச் சுற்றி நான்கு சுற்று. பின்மண்டையில் முடிச்சு வேண்டாம், குத்தும், அதனால் பிளாஸ்திரி. நாளாக நாளாக எனக்கு அது கைவந்த வேலையாகிவிட்டது. பேசிக்கொண்டே, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே கட்டுவேன். அந்தக் கட்டோடுதான் வீட்டுப்பாடம், கார்ட்டூன், சாப்பாடு. தூங்கும்போது அவிழ்ப்பேன். வெயில் காலத்தில் காதுக்குப் பின்னால் வேர்த்துப் புண்போல ஆனது. பவுடர் போட்டுவிட்டுக் கட்டினேன். வீட்டுக்கு யாராவது வந்தால், "என்ன, பிள்ளை கீழ விழுந்துட்டாளா?" என்று கேட்பார்கள். "லேசா" என்பேன்.

அவள் முரண்டு பிடிக்கவே இல்லை. தலையை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவு சமர்த்து. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாசி மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து போன். வகுப்பு டீச்சர், "செத்த நேரம் வந்துட்டுப் போக முடியுமா?" என்றார். போனபோது வாசலிலேயே இன்னொரு தாய் நின்றிருந்தார், கையில் தன் மகளைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பிள்ளையின் நெற்றியில் இன்னும் மறையாமல் சிவப்பாக ஒரு கோடு.

"நீங்கதான் அந்தப் பிள்ளையோட அம்மாவா? உங்க பொண்ணு நேத்து கர்ச்சீப்பையும் ரிப்பனையும் முடிஞ்சு எம் பிள்ள தலையில இறுக்கிக் கட்டிருக்கா. சாப்பாட்டு நேரம் முச்சூடும் அவுக்க விடல. உன் காதும் கெட்டுப்போச்சு, கட்டணும்னு சொல்லிருக்கா. எம் பிள்ள வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால நின்னு அழுகுதா."

"தப்புதாங்க, நான் சொல்லி வைக்கேன்."

"சொல்லி வைக்கிறது இருக்கட்டும். எம் பிள்ள காதுக்கு என்ன குறைச்சல்? மொதல்ல அவ காதைப் பாக்கச் சொல்லுங்க!"

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நான் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுப் பழகிய வாய்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அதுவரை நான் அவளை அடித்ததில்லை. அவள் அழாமல் என்னைப் பார்த்தாள்.

"எதுக்குடி அந்தப் பிள்ளைக்குக் கட்டுன?"

"அவ காதும் கொஞ்சம் வெளிய வந்துருந்துச்சும்மா. கட்டுனா ஆறிரும்ல?"

ஆறிரும். அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தன் தலையின் இரண்டு பக்கமும் இருப்பது புண் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எட்டு ஒன்பது மாதமாக, தினமும், காயத்துக்குப் போடும் துணியால் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான். தோழியின் காதையும் அவள் கேலி செய்யவில்லை. வைத்தியம் பார்த்திருக்கிறாள்.

இதற்குப் பிறகு எந்தத் தாயும் கட்டை நிறுத்தியிருப்பாள் என்று நினைப்பீர்கள். நான் நிறுத்தவில்லை. அன்று சாயங்காலமும் கட்டினேன். பழக்கம். ஆனால் உள்ளே ஒன்று முடிவாகிவிட்டது: இந்த இழுபறி வேண்டாம், ஆபரேஷன் செய்து ஒரேயடியாக முடித்துவிடலாம். காது படிந்துவிட்டால் துணி வேண்டாம், கேள்வி வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். போனில் தேடித்தேடி, செய்வதற்கு முன், செய்த பின் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்த காதுப் படங்களைப் பார்த்தேன். முன் படத்தில் இருந்த பிள்ளைகள் யாருமே எனக்கு அசிங்கமாகத் தெரியவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த படத்துக்குத் தள்ளினேன்.

மதினியிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? செலவு என்னோடது, நீங்க ரெண்டு பேரும் வாயத் திறக்கப்படாது. எம் மருமகளுக்கு நான் செய்யாம வேற எவ செய்வா?"

மதுரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறார் என்று விசாரித்துச் சொன்னதும் மதினிதான். என் கணவர் அரை நாள் லீவு போட்டார். நான், அவர், மகள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். "காதைப் பாக்கப் போறோம்" என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். திரும்பும்போது பால்கோவா வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்ததால் அவளுக்கு அந்தப் பயணமே பால்கோவாவுக்கான பயணம்தான்.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர், அவசரப்படாதவர். மகளை ஸ்டூலில் உட்காரவைத்து, சின்ன ஸ்கேலால் காதுக்கும் தலைக்கும் நடுவே அளந்தார். விரலால் காதின் மேல்புறத்தை மடக்கிக் காட்டினார். "இந்த மடிப்பு எல்லாருக்கும் இருக்கும்மா. இவளுக்கு அது சரியா விழலை. அதனால காது விரிஞ்சு நிக்குது. கேட்கிறதுக்கு ஒரு குறையும் இல்ல."

செய்யலாம் என்றார். முழு மயக்கம் கொடுக்க வேண்டும். காதுக்குப் பின்னால் கீறி, மடிப்பை உண்டாக்கித் தைப்பார்கள். ஒரு வாரம் தலையைச் சுற்றிக் கட்டு. அது பிரித்த பிறகும் சில வாரம் தூங்கும்போது தலையில் பட்டி போட வேண்டும். ரத்தம் கட்டலாம், சீழ் பிடிக்கலாம், இரண்டு காதும் அச்சு அசலாக ஒரே மாதிரி வரும் என்று சொல்ல முடியாது, சில பேருக்கு மறுபடி விரியவும் செய்யும். இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னார். "பிறந்த முதல் சில வாரத்துல வந்திருந்தா அதுக்குன்னு இருக்கிற அச்சு வச்சே சரி பண்ணியிருக்கலாம். அப்ப காது மெழுகு மாதிரி இருக்கும்" என்றும் சொன்னார். எல்லாரும் என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்த அந்த வாரங்களில், ஒருவராவது ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"வீட்டுல யாருக்காவது தழும்பு தடிச்சு மேடா வருமா?"

நான் என் வலது காதைக் காட்டினேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி இரண்டாவது தோடு வேண்டும் என்று குத்திய ஓட்டை. அதன் பின்புறம் பட்டாணி அளவுக்குத் தடித்து நிற்கிறது. டாக்டர் தடவிப் பார்த்தார். மகளுக்குக் காது குத்திய இடம் சுத்தமாக ஆறியிருக்கிறது, அதனால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வரவே வராது என்று எழுதிக் கொடுக்க முடியாது என்றார்.

பிறகு நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"சார், உங்களுக்கும் சேத்துப் பண்ணிருவோமா? ரெண்டு பேருக்கும் ஒரே மாடலா இருக்கே!"

"எனக்கு எதுக்கு சார்? எனக்கு நல்லாத்தான இருக்கு" என்றார் அவர். அவரும் சிரித்தார்.

மகள் ஸ்டூலில் இருந்தபடியே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவை பார்ப்பது போல, ஒரு காதை, பிறகு இன்னொரு காதை.

"அப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கு. அப்போ அப்பா ஏன் கட்டுப் போடல?"

"என்ன கட்டு?" என்றார் டாக்டர்.

நான் சொல்ல வேண்டியதாயிற்று. காஸ், நான்கு சுற்று, ஒன்பது மாதம். டாக்டர் மகளின் காதை முன்னால் மடக்கி, பின்புறம் கறுத்துத் தடித்திருந்த தோலைப் பார்த்தார். "அந்தத் துணியால ஒரு பிரயோசனமும் இல்லம்மா. நீங்க படிச்சவங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் முகம் எரிந்தது. என்மேல் கோபம், டாக்டர்மேல் கோபம், மதினிமேல் கோபம். எல்லாவற்றையும்விட, கம்பெனியிலிருந்து ரோல் ரோலாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இப்போது சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்மேல். அவருக்கு நல்லாத்தான் இருக்கிறதாம். வெளியே வந்து, முழு ஆண்டு லீவில் வரும்படி மே மாதம் இரண்டாவது வாரத்துக்குத் தேதி போட்டுக்கொண்டோம். வரவேற்பில் இருந்த பெண் நோட்டில் மகளின் பெயரை எழுதிக்கொண்டாள்.

பஸ் கிளம்பியதும் மகள் பால்கோவாவோடு சன்னல் ஓரம் போய்விட்டாள்.

"வேண்டாம்" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"ஆபரேசன் வேண்டாம். உங்களுக்கு நல்லா இருக்கிறது அவளுக்கு மட்டும் எப்படி நல்லா இல்லாமப் போகும்?"

"நீதான சொன்ன, பண்ணிரலாம்னு?"

"ஆமா, நான்தான் சொன்னேன். நான்தான் கட்டுனேன், நான்தான் அடிச்சேன். நீங்க எதாவது சொன்னீங்களா? இத்தனை வருசத்துல ஒரு நாளாவது, 'யக்கா, அது என் காது, பிள்ளைய விடு'ன்னு சொன்னீங்களா?"

அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. அக்கா என்றால் பேச்சு வராது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' மேல்தான் எனக்கு ஆத்திரம்.

"சரி, வேண்டாம்னா வேண்டாம். ஆனா அக்காகிட்ட இப்படிப் பேசாத. தழும்பு மேடாயிரும்னு டாக்டர் வேண்டாம்னுட்டாருன்னு சொல்லிரு. உன் காதக் காட்டு. அக்கா நம்பிரும். சண்டை இல்லாம முடிஞ்சிரும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெட்கமாக இருக்கிறது எழுத, ஆனால் அந்த நேரம் எனக்கு மூச்சு லேசானது. டாக்டரே சொல்லிவிட்டார் என்றால் யார் என்ன கேட்க முடியும்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மதினி எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். என் கணவர் பேப்பரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். நான் ஒப்பித்தேன். தழும்பு, பரம்பரை, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். என் காதைத் திருப்பிக் காட்டினேன். மதினி தொட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"என்ன செய்ய, பிள்ளைக்குக் கொடுத்து வச்சது அம்புட்டுதான்." மகளின் தலையைத் தடவினார். "போகுது தாயி. பள்ளிக்கூடம் முடிஞ்ச பொறவு முடியத் தழையத் தழைய விட்டு மறைச்சுக்கிடலாம், என்ன?"

மகள் கிரேயானைக் கீழே வைத்தாள். "அப்போ எனக்கு ஆறவே ஆறாதா அத்தை?"

என் பொய் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். மதினியைச் சமாளிக்கச் சொன்னேன். அது மகளிடம் போய், உனக்கு வந்திருப்பது தீராத வியாதி என்று சொல்லிவிட்டது.

"பொய் சொன்னேன் மதினி" என்றேன். "டாக்டர் முடியாதுன்னு சொல்லல. செய்யலாம்னுதான் சொன்னாரு, தேதியும் குடுத்துட்டாரு. நான்தான் வேண்டாம்ங்கேன்."

பேப்பர் இறங்கியது. மதினி தம்பியைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஏன் வேண்டாம்?"

"அவ காதுல குறையில்ல. அதான்."

"குறையில்லையா? ஏட்டி, படிச்சிட்டா என்ன வேணா பேசலாமா? பொம்பளப் பிள்ள. நாளைக்கு நாலு பேரு முன்னால நிக்கணும்."

"நிக்கட்டும்."

மதினி எழுந்தார். கொண்டை ஊசியைப் பிடுங்கினார். எப்போதும் காதை மூடி, தழைத்து வாரி முடிந்திருப்பார். எங்கள் கல்யாணத்திலிருந்து அப்படித்தான் பார்க்கிறேன், அது அவர் பாணி என்று நினைத்திருந்தேன். இரண்டு கையாலும் முடியைப் பின்னால் இழுத்துப் பிடித்தார். அதே காதுகள். என் கணவரிடம் இருப்பவை, என் மகளிடம் இருப்பவை.

"பாத்துக்க. என்னப் பாக்க மூணு வீட்டுல இருந்து வந்தானுக. ஒருத்தன் வாசல் இறங்கும்போதே சொன்னான், பொண்ணுக்குக் காது பெரிசு, நாம பேசுறது அடுத்த தெருவுல இருந்தே கேக்கும்னு. அவுகம்மா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. இவன் அப்ப அரை டவுசர் போட்டவன், இவனுக்கு என்ன தெரியும்? அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் நான் தூக்கி முடிஞ்சு ஒரு நாள் வெளிய போனது கிடையாது. எம் புருசன் முன்னாலகூடக் கிடையாது. அந்தப் பாடு இவ படணுமா? சொல்லு!"

இத்தனை வருடம் அவரை வெறும் அதிகாரம் என்று நினைத்திருந்தேன். ஒரு நிமிடம், ஆபரேஷன் செய்துவிடலாம், இவர் சொல்வதுதான் சரி என்றுகூடத் தோன்றியது. அடுத்த நிமிடம், எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்தது.

"அந்த மூணு பேரும் இன்னைக்கு எங்க இருக்கானுக மதினி? உங்களுக்கு மூஞ்சியாவது ஞாபகம் இருக்கா? அவனுகளுக்காகவா எம் பிள்ள காதைக் கீறணும்?"

"அவனுக போயிட்டானுக. இன்னும் நாலு பேரு வருவான்."

"உங்க மகன் வருவான்னுதான சொல்லிக்கிட்டு இருந்தீங்க, பிறந்த அன்னையில இருந்து? அப்போ உங்க மகனுக்கே இந்தக் காது ஆகாதா?"

அந்தப் பேச்சை எனக்கு மெய்யாகவே பிடிக்காது. ஒரு குழந்தையையும் இன்னொரு குழந்தையையும் சேர்த்துப் பேசுவதை எதிர்க்க ஏழு வருடம் வாய்ப்பிருந்தது. எதிர்க்காமல் வைத்திருந்து, அன்று அதையே கல்லாக எடுத்து எறிந்தேன். மதினியின் கை இறங்கியது. முடி தானாகக் காதில் விழுந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு, மகளைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"ஏன் இப்படிப் பேசுத? அக்கா மனசு என்ன பாடுபடும்?" என்றார் அவர்.

"நீங்க பேசிருந்தா நான் பேசிருக்க மாட்டேன். இப்பவாவது எந்திரிச்சுப் போங்க. போய்ப் பேசுங்க."

போனார். என்ன பேசினார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அவர் திரும்பிவர மத்தியானம் ஆகிவிட்டது. கண் சிவந்திருந்தது. மதினி இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிறகு வந்தார், பேசுகிறார், சாப்பிடுகிறார். மருமக என்று மட்டும் சொல்வதில்லை. என்னைப் பார்க்கும்போது கையைத் தூக்கிக் காதோரத்து முடியைச் சரிசெய்துகொள்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குற்ற உணர்வும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

அன்று அவர் அக்கா வீட்டுக்குப் போன பிறகு நான் மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"உன் காதுல புண் இல்ல. ஆறுறதுக்கு ஒண்ணுமே இல்ல. அப்பா காது மாதிரி, அத்தை காது மாதிரி உன் காது. இனிமே கட்டுப் போட வேண்டாம்."

"புண் இல்லையா?"

"இல்ல."

"அப்போ ஏன் கட்டுன?"

"அம்மா தப்பாக் கட்டிட்டேன்."

கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் முகம் கறுத்தது. "அதுக்கு நீ என்னைய அடிச்சேல்ல?" என்றாள். "அரிச்சுச்சு. தினமும் அரிச்சுச்சு. நீ சொன்னேன்னுதான் நான் சொறியாம இருந்தேன்." கிரேயான் டப்பாவை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாடு வரை என்னோடு பேசவில்லை. சமர்த்தாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இவ்வளவு கோபம் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதில், பதினைந்து வயதில், அவளாக வந்து எனக்குச் செய்துவிடு என்று கேட்டால் கூட்டிப்போவேன். ஏன் அப்போதே செய்யவில்லை, மயக்கத்தில் தெரியாமலே முடிந்திருக்குமே என்று திட்டினால் அதையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சில நாள் காலையில் சடை மடித்துக் கட்டும்போது, தேதியை விட்டுவிட்டோமோ என்று பயம் வரும். ரிப்பனைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டலாமா என்று கை தானாகப் போகும். இழுத்துக்கொள்வேன்.

அந்தச் சண்டைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் செய்தேன். மே மாதத் தேதி வேண்டாம் என்றேன். அந்தப் பெண் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"காரணம் எழுதணும் மேடம். பிள்ளைக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?"

"இல்லம்மா, நல்லா இருக்கா."

"அப்போ காலாண்டு லீவுக்கு மாத்திப் போட்டுரவா? பொம்பளப் பிள்ளைன்னு போட்டிருக்கு, ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் மேடம்."

இருபது இருபத்திரண்டு வயதிருக்கும் அந்தக் குரலுக்கு. யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள். தெரிந்தும் கத்தினேன், ஏழு வருடமும் யார் யாரிடமோ கத்தியிருக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து. முடித்ததும், வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அப்போ, வேண்டாம்னே எழுதிக்கிறேன் மேடம்" என்றாள்.

"எழுதுங்க" என்றேன்.